தீம் செய்யப் பழகி, வழு பிடிக்கப் போவோம்: வன்னியிலிருந்து தொடங்குபவர்களுக்கு

இணையத்தளத் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்பு) வடிவமைக்கப் பழக விரும்புகிறவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது நல்ல மடிக்கணினி வேண்டுமா, வேகமான இணைப்பு வேண்டுமா என்றுதான். திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்கலாம் என்று சொன்னால், "எனக்குக் கோடிங் தெரியாதே, இங்கிலீசும் அவ்வளவு வராது" என்று பின்வாங்குகிறார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால் வரும் தயக்கம் இது. தீம் செய்யும்போது தமிழ் எழுத்து உடைகிற இடம், மாங்குளத்தில் ஒரு கோடு சிக்னலில் பக்கம் தொங்குகிற இடம், அண்ணா பாவித்துவிட்டுத் தந்த பழைய அன்ட்ராய்ட் போனில் மெனு திறக்காத இடம் எல்லாமே வழு (மென்பொருள் பிழை) பிடிக்கும் சோதனைக்கு வேண்டிய சரக்கு. பெரிய மென்பொருள் திட்டங்களில் வேலை செய்கிற பலரிடம் அந்தப் போனும் இல்லை, அந்த எழுத்தும் இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.

இங்கே நான் வேர்ட்பிரஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். இணையத்தளங்களை உருவாக்கி நடத்த 2003 மே மாதம் வெளிவந்த மென்பொருள். ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் எவரும் எடுத்து மாற்றலாம், பகிரலாம். பழகுவதற்கான பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொரு குறிப்பு: கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் நான் தமிழில் எழுதினாலும் கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

யாருக்காகச் செய்கிறீர்கள்?

கற்பனைக் கம்பனிக்குத் தீம் செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஓர் அமைப்பைத் தெரிவுசெய்யுங்கள். கமக்காரர் அமைப்பு, சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை, பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், எது என்றாலும் சரி. நான் எடுத்துக்காட்டுக்குக் கமக்காரர் அமைப்பை வைத்துக்கொள்கிறேன். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் கூட்டம் எப்போது, வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், விதைநெல்லும் பசளையும் எங்கே கிடைக்கும் என்ற மூன்று விடயம் சரியாகத் தெரிந்தால் அந்தத் தளம் வேலை செய்கிறது என்று அர்த்தம். சுற்றிச் சுழலும் படங்கள் எதுவும் அதற்குத் தேவையில்லை.

வாசிப்பவர் யார் என்று தாளில் எழுதி வையுங்கள். கமக்காரர் வயல் வரம்பில் நின்று, மதிய வெயிலில், ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். பழைய மாணவர் சங்கத் தளம் என்றால் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர் பெரிய திரையில், இரவில் பார்ப்பார். இந்த இரண்டு பேருக்கும் ஒரே வடிவமைப்பு பொருந்தாது. வயலில் நிற்பவருக்கு வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற மாறுபாட்டைக் கேட்கின்றன. பரந்தன் வெயிலுக்கு நான் அதைவிடக் கூடவே வைப்பேன்.

வேலைக்களம்

கணினியில் எதையும் நிறுவாமல் தொடங்க வழி இருக்கிறது. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்ற பக்கத்தைத் திறந்தால் உலாவிக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸ் ஓடும். சேர்வர் வேண்டாம், டொமைன் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரேயொரு கவனம்: சேமிக்காமல் தாவலை மூடினால் செய்தது போய்விடும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நாளில் அடிக்கடி ஸிப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போனிலும் திறக்கும்; ஆனால் தட்டச்சுச் செய்யக் கை வலிக்கும்.

நிரந்தரமாக வேலை செய்ய உங்கள் கணினியையே சேர்வராக்கும் எக்ஸ்ஏஎம்பிபி போன்ற ஒன்றை நிறுவி, வேர்ட்பிரஸ்ஸை மடிக்கணினியிலேயே ஓடவிடலாம். முதலாவது நூறு மெகாபைட்டுக்கு மேல், இரண்டாவது அதைவிட நன்றாகக் குறைவு. இரவு டேட்டாவில் ஒருவர் இறக்கி, பென்டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுத்தால் போதும். கட்டற்ற மென்பொருள் என்பதால் அப்படிக் கொடுப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. அதன்பின் இணைப்பே இல்லாமல் வேலை செய்யலாம்.

தீமின் எலும்புக்கூடு

2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, பக்கத்தைப் புளொக் என்னும் துண்டுகளாக அடுக்கும் புளொக் தீம் என்ற முறை இருக்கிறது. பழைய முறையில் பிஎச்பி என்ற நிரல்மொழி தெரியாமல் அசைய முடியாது. இதில் பக்கத்தின் அமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லும், அதன் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கொஞ்சமும் தெரிந்தால் வண்டி ஓடும். புதிதாக வருபவர் பழைய முறையில் காலத்தைச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

தீம்கள் இருக்கும் கோப்புறைக்குள் உங்கள் தீமின் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்குங்கள். அதற்குள் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று ஸ்டைல்.சிஎஸ்எஸ்: அதன் தலைக் குறிப்பில் தீமின் பெயரை எழுதினால்தான் வேர்ட்பிரஸ் அதைத் தீம் என்று அடையாளம் காணும். மற்றது டெம்ப்ளேட்ஸ் என்ற உள் கோப்புறையில் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல். இவை இரண்டும் இருந்தால் தீம் பட்டியலில் வந்துவிடும், வெறுமையாகத்தான் என்றாலும். அப்புறம் பார்ட்ஸ் என்ற கோப்புறையில் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் ஒவ்வொரு கோப்பு.

உண்மையான வேலை நடப்பது தீம்.ஜேசன் என்ற கோப்பில். நிறங்கள், எழுத்துரு, அளவுகள், பத்தியின் அகலம் எல்லாவற்றையும் அங்கே ஒரே இடத்தில் சொல்லிவிடலாம். ஒரு காற்புள்ளி தவறினாலும் கோப்பு முழுவதும் வேலை செய்யாது. சந்தேகம் வந்தால் ஜேசன் சரிபார்க்கும் கருவி ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். கையால் எழுதப் பயமென்றால் "கிரியேட் புளொக் தீம்" என்ற பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் கூடுதல் செயலி) இருக்கிறது. தள எடிட்டரில் சுட்டியால் செய்த மாற்றங்களை அது தீம் கோப்புகளாக எழுதித் தரும். அப்படி வந்த கோப்பைத் திறந்து, நீங்கள் மாற்றிய நிறம் எந்த வரியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதே நல்ல பாடம்.

தமிழ் போட்டதும் உடைகிற இடங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் தீம்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை.

எழுத்துருவிலிருந்து தொடங்குவோம். அன்ட்ராய்ட் போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் வழக்கமாகவே இருக்கும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ இருக்கிறது. அப்பிள் கருவிகளிலும் தமிழ் எழுத்துரு உண்டு. ஆகவே தீம்.ஜேசனில் இந்தப் பெயர்களை வரிசையாகக் கொடுத்துவிட்டால் வாசிப்பவர் எழுத்துருவுக்காக ஒரு கிலோபைட்கூட இறக்கத் தேவையில்லை. அழகுக்காகத் தலைப்புக்கு மட்டும் ஒன்றைச் சேர்க்க விரும்பினால் கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஓர் எழுத்துரு, இரண்டு தடிப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது வரி உயரம். ஆங்கிலத் தலைப்புக்கு 1.1 என்று வைத்திருப்பார்கள். தமிழில் மேலே ஸ்ரீயின் சுழியும் கீழே கூ, ழூ போன்றவற்றின் வாலும் ஒன்றோடொன்று முட்டும். சில தீம்களில் பாதி வெட்டுப்படும். தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7 என்று தொடங்கிப் பாருங்கள். எழுத்து அளவு 17 அல்லது 18 பிக்சல். எழுத்து இடைவெளி என்ற அமைப்பை மெனுவிலும் பொத்தானிலும் சுழியமாக்கிவிடுங்கள். அதைக் கூட்டினால் தமிழ்ச் சொல் தனித்தனி எழுத்தாகச் சிதறி நிற்கும். மேற்கோள் பகுதியைச் சாய்வெழுத்தில் காட்டுவது இன்னொரு பழக்கம். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வு வடிவம் கிடையாது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சரிக்கும், பார்க்கச் சகிக்காது. சாய்வை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஒரு கோடு போடுங்கள்.

நீண்ட சொற்கள் நமக்குச் சாதாரணம். "புதுக்குடியிருப்பிலிருந்து" என்று பெரிய தலைப்பில் எழுதி 360 பிக்சல் அகலத் திரையில் பாருங்கள். சொல் திரைக்கு வெளியே போய், பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். சொல்லை உடைக்க அனுமதிக்கும் சிஎஸ்எஸ் விதி ஒன்று இருக்கிறது. ஆனால் அது இடம் பார்த்து உடைப்பதில்லை. திரைக்கேற்பத் தலைப்பின் அளவு தானே சுருங்கும் வசதி 6.1 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ்ஸிலேயே உண்டு. முதலில் அதைப் பாவியுங்கள். உடைப்பது கடைசி வழி.

பாமினியைச் சொல்லாமல் விட முடியாது. ஊர்ச் சங்கங்களின் பழைய அறிக்கை, கோயில் துண்டுப்பிரசுரம், மலருக்கு எழுதிய கட்டுரை எல்லாம் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பாகவே வந்து சேரும். அதைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தீமில் பாமினியைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். தேடுபொறிக்கும் திரைவாசிப்பானுக்கும் அது தமிழே இல்லை. எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. மாற்றி, ஒருமுறை வாசித்துத் திருத்தி, அப்புறம் போடுங்கள்.

படங்களுக்கு ஒரு வரி போதும்: போனில் எடுத்த படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி வடிவத்தில் ஏற்றுங்கள்.

சோதனைப் பதிவு ஒன்று தயாரியுங்கள்

தீம் செய்பவர்கள் தங்கள் வேலையைச் சோதிக்க ஆங்கிலத்தில் ஒரு மாதிரி உள்ளடக்கக் கோப்பு வேர்ட்பிரஸ்ஸில் உண்டு. அதை இறக்கிப் பாவியுங்கள். ஆனால் தமிழுக்கு உங்களுடையதை நீங்களேதான் செய்ய வேண்டும். என் பரிந்துரை இப்படி:

பத்தியை "கொக்கிளாய்" என்று தொடங்கி, முதல் எழுத்தைப் பெரிதாகக் காட்டும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். உலாவி "கொ" முழுவதையும் பெரிதாக்குகிறதா, கொம்பை மட்டும் பிய்க்கிறதா என்று குரோமிலும் பயர்பொக்ஸிலும் பாருங்கள். ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதுங்கள். யூனிகோடில் 2005இல் ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்தபின் ஸ்ரீ, ஶ்ரீ என்று இரண்டு குறியீட்டு வரிசைகள் புழங்குகின்றன; திரையில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்கிறதா? அதேபோல் "கொ"வில் க-வோடு சேரும் ஒகரக் குறியை ஒரே குறியாக எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். ஔகாரக் குறிக்குப் பதிலாக ள போட்டு எழுதியவையும் நிறைய வரும். தமிழுக்கு நடுவில் தொலைபேசி எண், ஆங்கிலப் பெயர், ரூபாய்க் கணக்கு ஆகியவற்றையும் கலந்து வையுங்கள்.

இன்னொரு சோதனை, இப்போதே செய்து பார்க்கக்கூடியது. "இரணைமடுக் குளத்தின் சிறுபோக நீர்ப்பங்கீட்டுக் கூட்டம்" என்று ஒரு பதிவுக்குத் தலைப்பு வையுங்கள். நிரந்தர இணைப்பில் பதிவின் பெயர் வரும்படி அமைத்திருந்தால், முகவரி "இரணைமடுக்-குளத்தின்-சிறு" என்று நின்றுவிடும். காரணம் இலகுவானது. தரவுத்தளத்தில் அந்தப் பெயருக்கு ஒதுக்கிய இடம் 200. முகவரிக்காக மாற்றும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 இடம் பிடிக்கும். "சி" போன்ற உயிர்மெய் இரண்டு குறி என்பதால் 18. ஆங்கிலத்தில் நீளமான ஒரு தலைப்பே அடங்கும் இடத்தில் தமிழுக்கு இரண்டரைச் சொல்தான். அதே தலைப்பில் இரண்டாவது பதிவைப் போட்டு முகவரியின் வால் எப்படி மாறுகிறது என்று நீங்களே பாருங்கள். நடைமுறையில், முகவரியைக் கையால் சுருக்கி எழுதுவதுதான் தீர்வு.

இது யாருடைய வழு?

உடைந்த ஒன்றைக் கண்டதும் அறிக்கை எழுத ஓடக்கூடாது. முதலில் குற்றவாளியைத் தேடுங்கள். எல்லாப் பிளகின்களையும் நிறுத்துங்கள். உங்கள் தீமை விட்டு, வேர்ட்பிரஸ்ஸோடு வரும் டுவென்டி டுவென்டி-பைவ் போன்ற இயல்புத் தீமுக்கு மாறுங்கள். பிரச்சினை போய்விட்டதா? அப்படியானால் உங்கள் தீமிலோ பிளகினிலோதான் வழு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டால் பிடிபடும். போகவில்லையென்றால் வேறு உலாவியில் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸ்ஸே இல்லாத வெறும் எச்டிஎம்எல் கோப்பிலும் ஒரு குறிப்பிட்ட உலாவியில் மட்டும் எழுத்து உடைந்தால், அது உலாவிக்காரரிடம் போக வேண்டிய விடயம். எல்லா உலாவியிலும் உடைந்து, எழுத்துருவை மாற்றியதும் சரியானால் எழுத்துருவில் கோளாறு. இந்தப் பிரித்தறிதல்தான் சோதனை வேலையின் பாதி. கோடிங் தெரியாதவரும் பொறுமையாக இதைச் செய்யலாம்.

அறிக்கை எழுதுவது

வேர்ட்பிரஸ்ஸின் மையப் பகுதிக்கான வழுக்கள் டிராக் என்ற தளத்திலும், எடிட்டருக்கானவை நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் குட்டன்பெர்க் களஞ்சியத்திலும் பதிவாகின்றன. வேர்ட்பிரஸ் கணக்கு ஒன்றும் கிட்ஹப் கணக்கு ஒன்றும் திறந்துகொள்ளுங்கள். எழுதுமுன் ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் புதிதாகத் திறக்காமல், உங்களுக்கும் அது நடக்கிறது என்பதை விவரத்தோடு அங்கேயே எழுதுங்கள். "எனக்கும்" என்ற ஒற்றைச் சொல்லால் பயனில்லை. எந்தப் போன், எந்த உலாவிப் பதிப்பு என்பதுதான் பயன்.

புதிய அறிக்கை என்றால் நான்கு விடயம் வேண்டும்: சூழல், செய்த படிகள், நடந்தது, நடந்திருக்க வேண்டியது. சூழல் விவரத்தைத் தேடி அலையத் தேவையில்லை. கருவிகள் மெனுவில் தள நலம் என்ற பக்கத்தின் தகவல் பகுதியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கொப்பியாகும். ஒட்டுமுன் அந்தரங்கமான முகவரி எதுவும் உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை வாசியுங்கள். படிகளை எண்ணிட்டு, ஒரு படிக்கு ஒரு செயல் என்று எழுதுங்கள். தமிழ் எழுத்தைப் படமாக மட்டும் போடாமல் கொப்பி பண்ணக்கூடிய எழுத்தாகவும் கொடுங்கள்; வாசிப்பவருக்குத் தமிழ் தட்டத் தெரியாது. எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு படம், எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒரு படம். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு உடைந்த "கொ"வும் சரியான "கொ"வும் ஒன்றுதான்.

ஆங்கிலம் பற்றிய பயத்துக்கு மருந்து குட்டி வாக்கியம். எழுவாய், வினை, முற்றுப்புள்ளி. இலக்கணப் பிழைக்காக யாரும் அறிக்கையைத் தள்ளிவிடுவதில்லை; படிகள் தெளிவில்லாவிட்டால்தான் தள்ளுவார்கள். மொழிபெயர்ப்புக் கருவியின் உதவி எடுக்கலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவிடம் முழு அறிக்கையையும் எழுதச் சொல்லி, தான் செய்தே பார்க்காத படிகளை ஒட்டிவிடுகிற பழக்கம் இப்போது பரவுகிறது. பராமரிப்பவர்களின் நேரத்தை அது தின்கிறது. உங்கள் பெயரும் கெடும்.

பாதுகாப்பு ஓட்டை போலத் தெரிவதைப் பொதுவில் எழுதவே கூடாது. அதற்கு ஹக்கர்வன் தளத்தில் வேர்ட்பிரஸ்ஸுக்கென்று தனி வழி இருக்கிறது.

மற்றவர்களின் திருத்தத்தைச் சோதிப்பது

சொந்தமாக வழு கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டிராக்கில் "சோதனை தேவை" என்ற அடையாளச் சொல்லோடு நிற்கும் சீட்டுகள் (பதிவான வழு அறிக்கைகள்) எப்போதும் உண்டு. யாரோ திருத்தம் எழுதிவிட்டார், அது வேலை செய்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். முன்பு இதற்குக் கணினியில் பல கருவிகளை நிறுவ வேண்டியிருந்தது. இப்போது கிட்ஹப்பில் ஒரு திருத்தம் வந்தால் அதைப் பிளேகிரவுண்டில் திறக்கும் இணைப்பும் கூடவே வருகிறது. திருத்தம் இல்லாத வேர்ட்பிரஸ்ஸில் முதலில் வழுவை வரவழையுங்கள். அப்புறம் திருத்தம் உள்ளதில் அதே படிகளைச் செய்யுங்கள். இரண்டின் முடிவையும் எழுதுங்கள். முதலாவதைச் செய்யாமல் "வேலை செய்கிறது" என்று எழுதினால் எதற்கும் உதவாது. அந்த வழு உங்கள் சூழலில் ஆரம்பத்திலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாம்.

பெரிய பதிப்பு ஒன்று வருமுன் பீட்டா, அதன்பின் வெளியீட்டு வேட்பாளர் என்று முன்னோட்டங்கள் வரும். "வேர்ட்பிரஸ் பீட்டா டெஸ்டர்" என்ற பிளகினைப் போட்டால் அவை உங்கள் சோதனைத் தளத்துக்கு வந்துசேரும். சோதனைத் தளத்துக்கு மட்டும். கமக்காரர் அமைப்பின் உண்மையான தளத்தில் போட்டு, தண்ணீர் திறக்கும் நாளில் பக்கம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பீட்டா வந்ததும் உங்கள் தமிழ்ச் சோதனைப் பதிவை அதில் இறக்குமதி செய்து, முந்திய பதிப்பில் சரியாக இருந்து இதில் உடைந்தது எது என்று பாருங்கள். அப்படிப்பட்ட வழுக்களை வெளியீட்டுக்கு முன்பே திருத்த முனைவார்கள், ஆகவே பதிலும் சீக்கிரம் வரும். பங்களித்தவர்களின் பெயர்களை ஒவ்வொரு பதிப்பின் நன்றிப் பக்கத்திலும் போடுவார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

வேர்ட்பிரஸ் பிடிக்காவிட்டால் பயர்பொக்ஸின் நைட்லி என்ற அன்றாடச் சோதனைப் பதிப்பு, லிப்ரே ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருள் இரண்டும் நல்ல களங்கள். இரண்டுக்கும் பக்ஸில்லா என்ற வழுப் பதிவேடு உண்டு. லிப்ரே ஒபிஸில் உறுதிசெய்யப்படாத அறிக்கைகளைத் திரும்பச் செய்து பார்க்க ஆட்களைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

சீட்டுக்குப் பல வாரம் பதில் வராமல் இருக்கலாம். பெரும்பாலானோர் சொந்த நேரத்தில் வேலை செய்பவர்கள். புதிய பதிப்பு வந்ததும் அதே வழு இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, பதிப்பு எண்ணோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "திருத்த மாட்டோம்" என்று மூடினாலும் காரணத்தை வாசியுங்கள். பழைய தளங்கள் உடையும் என்பதற்காகவே சில வழுக்களை விட்டு வைத்திருப்பார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிற நண்பர்கள் இருந்தால் பீட்டா வந்த வார இறுதியில் நாலு பேராக உட்காருங்கள். ஒருவர் இறக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு உலாவி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் மிகப் பழைய போன் யாரிடம் இருக்கிறதோ அவரைத் தவறாமல் கூப்பிடுங்கள்.